பூட்டியின் பெயர் என்ன?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி அமாவாசை. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் என் அண்ணனும் தம்பியும் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா, அம்மா இருவருமே காலமாகிவிட்டபடியால் இரண்டு பக்கத்துக்கும் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். புரோகிதர் ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் கொண்டே வந்தார்.

"அப்பா பேர் சொல்லுங்கோ." சொன்னார்கள்.

"தாத்தா?" சொன்னார்கள்.

"தாத்தாவோட அப்பா?" அதையும் அண்ணன் தட்டுத் தடுமாறாமல் சொல்லிவிட்டான்.

"சரி, அம்மா பேர்? பாட்டி பேர்?" இரண்டும் வந்தது. "பாட்டியோட மாமியார் பேர்?"

அவ்வளவுதான். அண்ணன் தம்பியைப் பார்த்தான். தம்பி என்னைப் பார்த்தான். நான் பின்னால் நாற்காலியில் குடை பிடித்து உட்கார்த்தி வைத்திருந்த எங்கள் பெரிய அத்தையைப் பார்த்தேன். எண்பத்தைந்தை நெருங்கிக் கொண்டிருந்த அத்தைக்குத் தெரியாத குடும்பக் கதையே கிடையாது. அந்த அத்தையும் வாயைத் திறக்கவில்லை.

"தெரியலைன்னா பரவாயில்லை, கங்கைன்னு சொல்லுங்கோ" என்று புரோகிதர் மேலே போய்விட்டார். பின்னால் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் காத்துக் கொண்டிருந்தன. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அத்தை பேசவில்லை. வத்தலக்குண்டு தாண்டும்போதுதான் என் கையைப் பிடித்துக் கொண்டு சொன்னார்: "எங்கய்யா ஆத்தா ஆத்தான்னுதான் சொல்லுவாரு கண்ணு. ஆத்தாளுக்குப் பேரு ஒண்ணு இருக்கும்னு எனக்குக் கேக்கவே தோணலை. எங்கய்யாவைப் பெத்தவளை யாரோ ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு வந்துட்டோமே. நான் கண்ணை மூடறதுக்குள்ள அவ பேரை ஒருக்கா அந்தக் கடல்கிட்டச் சொல்லிப்புடணும்."

அந்தப் பெயரைத் தேடிய கதைதான் இது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெயர் தொலைந்து போயிருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

உப்புக்காரர் வீடு

பழனிக்கு அடுத்தாற்போல், மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஆயக்குடி. இன்றைக்கு வெளியூர்க்காரர்களுக்குக் கொய்யாப்பழத்தால்தான் எங்கள் ஊரைத் தெரியும். பழைய ஆயக்குடியில் பிறந்து புது ஆயக்குடியில் வாக்கப்பட்டவள் நான். அதனால் பிறந்த வீட்டுத் தெரு எனக்குக் கூப்பிடு தூரம்தான்.

அந்தத் தெருவில் பழைய மனிதர்கள் எங்கள் வீட்டை 'உப்புக்கார வீடு' என்பார்கள். நாங்கள் உப்பு விற்றதில்லை. சுற்றிலும் மலையும் தோப்பும். கடல் எங்கேயோ இருக்கிறது. அத்தையைக் கேட்டால், "எங்க பாட்டன் உப்பு டாணாவுல சேவகம் பார்த்தாரு" என்பார். தாது வருஷப் பஞ்சத்தில் ஐந்தாறு வயதுப் பிள்ளையாக இருந்து தப்பியவராம். வளர்ந்து ஆளானதும் கடற்கரைப் பக்கம் போய் உப்பு இலாகாவில் சேர்ந்திருக்கிறார். தாது வருஷம் என்பது 1876. ஆகவே அவர் வேலையில் சேர்ந்தது 1890களில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொண்டோம்.

உப்புக்குக் காவலா என்று சிறுசுகள் சிரிக்கலாம். 1805ல் சென்னை ராஜதானியில் கம்பெனி சர்க்கார் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. கடற்கரை நெடுக உப்பளங்களைக் காவல் காக்கவும், திருட்டுத்தனமாக உப்புக் காய்ச்சுபவர்களைப் பிடிக்கவும் சேவகர்கள் இருந்தார்கள். வேதாரண்யம் சதுப்பில் வெயில் காலத்தில் உப்பு தானாகவே விளைந்து கிடக்கும். அதில் ஒரு கை அள்ளினாலும் குற்றம். 1889ல் இதற்கென்றே சென்னை உப்புச் சட்டம் வந்தது. அந்தக் கொடுமையை எதிர்த்துத்தான் 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து போய், வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார். உப்பு வரி ஒழிந்தது 1947ல்.

எங்கள் பூட்டனார் சர்க்கார் பக்கம் நின்று காவல் காத்தவர். இதில் பெருமைப்படவா, சங்கடப்படவா என்று எனக்குத் தெரியவில்லை. பஞ்சத்தில் பிழைத்த பிள்ளைக்கு மாதச் சம்பளம் கிடைத்தது, போனார். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

லண்டனிலிருந்து வந்த யோசனை

என் அண்ணன் மகள் லண்டனில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். ராமேஸ்வரத்தில் நடந்ததை ஃபோனில் சொன்னதும், "அத்தை, இங்கே எங்க பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா தன் கொள்ளுத் தாத்தா குடும்பத்தை முழுசாக் கண்டுபிடிச்சுட்டாங்க. அவரும் நம்ம பூட்டன் மாதிரிதான், கடலோரக் காவல்காரர். எல்லாம் சென்சஸ் கணக்கைப் பார்த்துத்தான்" என்றாள்.

அவள் சொன்ன விவரம் எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. நம் நாட்டில் கடலோரக் காவல் படை ஏற்பட்டது 1978ல். பிரிட்டனில் 1822லேயே அப்படி ஒரு படை அமைத்துவிட்டார்கள். கள்ளத்தனமாகச் சரக்கு இறக்குபவர்களைப் பிடிப்பதுதான் முதலில் அவர்கள் வேலை. சொந்த ஊர்ப் பக்கத்தில் போட்டால் உறவுக்காரன், சேக்காளி என்று கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள் அல்லவா? அதனால் வெகு தூரத்து ஊரில்தான் வேலை போடுவார்கள். சில வருஷத்துக்கு ஒரு முறை மாற்றல் வேறு. பெண்டாட்டி பிள்ளைகளும் தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடவே போய், கடலோரத்தில் வரிசையாகக் கட்டிய சின்னச் சின்ன வீடுகளில் குடியிருக்க வேண்டும்.

இப்படி ஊர் ஊராக அலைந்த குடும்பத்தை நூற்றைம்பது வருஷம் கழித்து எப்படித் தேடுவது? அங்கேதான் சென்சஸ் கை கொடுக்கிறது. பிரிட்டனில் பத்து வருஷத்துக்கொருமுறை எடுக்கும் ஜனக் கணக்கில் 1841 முதல் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. 1851 முதல் குடும்பத் தலைவருக்கு இன்னார் என்ன உறவு, சரியான வயது என்ன, எந்த ஊரில் பிறந்தார் என்பதும் சேர்ந்து கொண்டது. நூறு வருஷம் பூட்டி வைத்திருந்து, பிறகு எல்லோரும் பார்க்கலாம் என்று திறந்து விடுகிறார்கள். 1921ல் எடுத்த கணக்கை 2022ல் திறந்தார்கள்.

ஒரு கடலோரக் காவலர் வீட்டில் மூன்று குழந்தைகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். பெரியவன் பிறந்தது இங்கிலாந்தின் தென்கரையில் ஓர் ஊர்; நடுவள் பிறந்தது அயர்லாந்தில்; கடைக்குட்டி பிறந்தது வேல்ஸில். வயதையும் பிறந்த ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அப்பா எந்த வருஷம் எந்த ஊரில் வேலை பார்த்தார் என்பது வரிசையாக வந்துவிடுகிறது. பிள்ளைகளே மாற்றல் உத்தரவு!

அதிலும் விடுபட்ட இடங்கள் உண்டாம். அயர்லாந்தின் பழைய ஜனக் கணக்கில் பெரும் பகுதி 1922ல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது சாம்பலாகிவிட்டது. இங்கிலாந்தின் 1931 கணக்கு 1942ல் தீயில் போயிற்று. அயர்லாந்தில் வேலை பார்த்த காலத்துக்கு ஏடு இல்லை என்றாலும், பின்னால் இங்கிலாந்துக் கணக்கில் 'மகள், வயது ஒன்பது, பிறந்தது அயர்லாந்து' என்று ஒரு வரி இருந்தால், எரிந்துபோன காகிதம் சொல்ல வேண்டியதை அந்தச் சின்னப் பெண் சொல்லிவிடுகிறாள்.

நம் சென்சஸ் என்ன ஆயிற்று?

நமக்கும் சென்சஸ் உண்டே, 1871லிருந்து எடுக்கிறார்களே என்று உற்சாகமாகக் கிளம்பினோம். தம்பி விசாரித்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினான். நம் நாட்டில் எத்தனை பேர், எத்தனை ஆண், எத்தனை பெண் என்று கூட்டிப் புத்தகமாகப் போட்டுவிட்டு, வீட்டு வீடாக எழுதிய தாள்களை அழித்துவிடுவது வழக்கமாக இருந்திருக்கிறது. ஆயக்குடியில் இத்தனை தலை என்று தெரியும். யார் தலை என்று தெரியாது. போதாக்குறைக்கு 1948ம் வருஷத்து சென்சஸ் சட்டப்படி தனிப்பட்டவர்கள் கொடுத்த விவரத்தை யாரும் பார்க்கவும் முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகக் காட்டவும் முடியாது. அதில் நியாயம் இருக்கிறது. சொன்னது வெளியே போகாது என்றால்தான் ஜனங்கள் உண்மை சொல்வார்கள்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். ஆரம்ப காலக் கணக்கெடுப்பில், வீட்டுப் பெண்கள் பெயரைச் சொல்ல ஆட்சேபித்தால் 'பெண்' என்று மட்டும் எழுதிக்கொண்டு போகும்படி கணக்கெடுப்பவர்களுக்கு உத்தரவு இருந்ததாம். ஆகவே தாள்கள் இருந்திருந்தாலும் எங்கள் பூட்டி 'பெண்' என்ற ஒரு சொல்லாகத்தான் இருந்திருப்பாளோ என்னவோ.

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடு அடுப்படியில் நின்று கொண்டிருந்தபோதுதான் ஒன்று தோன்றியது. நம் வீடுகளில் பிறந்த ஊரை எழுதி வைப்பதில்லை. பெயராக வைத்துவிடுகிறோமே!

பெயரே பிறந்த ஊர்

உடனே அத்தையிடம் ஓடினேன். "அத்தை, ஒங்க ஐயாகூடப் பொறந்தவங்க எத்தனை பேர்? ஒவ்வொருத்தர் பேரையும் வரிசையாச் சொல்லுங்க."

நாலு பேர். மூத்தவளுக்கு நாகப்பட்டினத்து அம்மனான நீலாயதாட்சி பெயர். அடுத்தவர் திருச்செந்தூர் முருகன் பெயர்க்காரர். மூன்றாவது எங்கள் தாத்தா. அவருக்கு வேதாரண்யத்துச் சுவாமி பெயர். கடைசிப் பெண்ணுக்கு மட்டும் பழனி ஆண்டவர் பெயர்.

அட, வாழ்நாளெல்லாம் வாயில் புழங்கிய பெயர்கள்! ஆயக்குடிக்காரர் பிள்ளைக்கு எதற்கு நீலாயதாட்சி என்று ஒரு நாளும் நாங்கள் கேட்டதில்லை. நாகப்பட்டினம், திருச்செந்தூர்ப் பக்கம், வேதாரண்யம்: மூன்றுமே உப்பு விளையும் கடற்கரை. வேதாரண்யம் பக்கம் 'வேதரத்தினம்' என்ற பெயர் எத்தனை சகஜம் என்பதற்கு, உப்பு சத்தியாக்கிரகத்தில் ராஜாஜிக்குத் துணை நின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளையே சாட்சி. லண்டன் பாட்டியம்மா சென்சஸ் ஏட்டில் பார்த்ததை நாங்கள் பெயரிலேயே படித்துவிட்டோம்.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் பெயரும் இப்படிப் பேசாது. தாத்தா பெயர், குலதெய்வத்தின் பெயர், நேர்ந்து கொண்ட பெயர் என்று வேறு காரணங்களும் உண்டு. குடும்பத்தில் முன்னும் பின்னும் இல்லாத வெளியூர் ஸ்வாமி பெயர் ஒன்று திடீரென்று வந்தால் மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

கடைசிக் குழந்தை மட்டும் பழனியாண்டவர் பெயரோடு இருப்பதற்கு அத்தை காரணம் சொன்னார். "விஷ சொரம் வந்து எங்க பாட்டன் செத்தப்ப அந்த அத்தை வயித்துல இருந்துச்சாம்." உலகம் பூராவும் விஷக்காய்ச்சல் பரவி நம் நாட்டில் லட்சக்கணக்கான பேரை வாரிக் கொண்டு போனது 1918ல். அப்படியானால் பூட்டி மூன்று பிள்ளைகளையும் வயிற்றில் ஒன்றையும் சுமந்து கொண்டு, புருஷன் ஊரான ஆயக்குடிக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். இந்த ஊரில் அவளுக்கு அம்மா வீடு இல்லை, அக்கா தங்கை இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஜீவன் இல்லை. பிள்ளைகளுக்கு ஆத்தா, தெருவுக்கு உப்புக்காரர் பெண்சாதி. பெயர் எங்கே தொலைந்தது என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

புளியும் தவலையும்

அந்தத் தை மாதம் பொங்கலுக்கு அத்தை வீட்டுப் பரண் சாமான்களை இறக்கி விளக்கப் போனேன். பச்சைக் களிம்பு ஏறிப்போன ஒரு பித்தளைத் தவலை. புளியைக் கரைத்துப் பூசி, செங்கல் தூளால் தேய்த்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தால், கழுத்துக்குக் கீழே பொட்டுப் பொட்டாக உளியால் குத்திய எழுத்து!

எழுத்து பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. ஓர் இடத்தில் தவலை நசுங்கியும் இருந்தது. கோதுமை மாவைத் தடவித் துடைத்தபோது குழிகளில் மாவு நின்று வெள்ளையாகத் தெரிந்தது. முதல் மூன்று எழுத்து 'வேதநா'. பிறகு நசுங்கல். அடுத்த வரியில் 'அகஸ்தியம்பள்ளி' என்ற ஊர்ப் பெயர்.

எனக்குக் கை நடுங்கிப் போயிற்று. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரைக் குத்திக் கொடுப்பது நம் ஊர் வழக்கம்தானே? ஆனால் அத்தை கெட்டிக்காரி. "பாத்திரம் கைமாறும் கண்ணு. அடகுல வந்திருக்கும், ஏலத்துல எடுத்திருப்பாங்க. அரைப் பேரை வெச்சுக்கிட்டு என் ஆத்தான்னு சொல்ல மாட்டேன்" என்றுவிட்டார். சரிதான். இன்னொரு சாட்சி வேண்டும்.

பத்திரம் பேசியது

தாத்தாவின் அக்கா கல்யாணத்துக்குக் காடு விற்றார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. "எங்கய்யாவுக்குப் பத்துப் பன்னெண்டு வயசு அப்ப" என்றார் அத்தை. தாத்தா பிறந்தது 1908. ஆக 1918க்கும் 1921க்கும் நடுவில் ஒரு கிரயப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும்.

முதல் தடவை சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில், "சர்வே நம்பர் இல்லாம என்னம்மா தேடறது? கம்ப்யூட்டர்ல அவ்வளவு பழசெல்லாம் வராது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜமீன் ஊர்களில் பழைய பத்திரத்தில் சர்வே நம்பர் இருக்காது; கிழக்கே இன்னார் காடு, மேற்கே ஓடை என்று நான்கெல்லைதான். ஜமீன்களை ஒழித்த 1948ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்த ஊர்களில் சர்க்கார் செட்டில்மெண்ட் முறையாக வந்தது. எங்கள் ஆயக்குடியும் ஜமீன் ஊர்தான்.

தம்பிக்குத் தெரிந்த ஒரு வயதான பத்திர எழுத்தர்தான் வழி சொன்னார். ரிஜிஸ்டர் ஆபீஸில் இரண்டு விதமான அட்டவணை உண்டு. ஒன்று சொத்துப்படி, இன்னொன்று ஆட்களின் பெயர்ப்படி. பெயர் அட்டவணையில் எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் இருவர் பெயரும் அகர வரிசையில் இருக்கும். வருஷத்துக்கு இவ்வளவு என்று தேடுகூலி கட்டினால் பார்க்கலாம். பெயரோடு தகப்பனார் பெயரும் எழுத வேண்டும் என்பது பதிவுச் சட்டம். தாயார் பெயரால் அறியப்படுகிறவராக இருந்தால் தாயார் பெயரை எழுதலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. சட்டம் எழுதியவர் யாரோ, அவருக்குப் புண்ணியம்!

மறுபடி மனுப் போட்டு, நாலு முறை நடந்து, 1919ம் வருஷத்தில் ஒரு பத்திர நம்பர் கிடைத்தது. நகல் வாங்கிப் பிரித்தோம். காலஞ்சென்ற உப்பு இலாகா சேவகர் இன்னாரின் பெண்சாதியும், மைனர்கள் இன்னார் இன்னாருக்குத் தாயாரும் கார்டியனுமான... அடுத்த சொல்லைத் தம்பி வாய்விட்டுப் படித்தான்.

வேதநாயகி.

வேதாரண்யத்து அம்பாளின் பெயர். தவலையில் நசுங்கிப் போயிருந்த எழுத்தெல்லாம் நிமிர்ந்து நின்ற மாதிரி இருந்தது எனக்கு.

மைனர் பிள்ளைகளுக்காகத் தாய் கையெழுத்துப் போட வேண்டி வந்ததால்தான் அந்தப் பெயர் காகிதத்தில் ஏறியது. புருஷன் உயிரோடு இருந்திருந்தால் அவர் பெயரோடு நின்றிருக்கும். இப்படி விதவையான பிறகுதான் நம் பாட்டிகளில் பலர் பத்திரத்தில் பெயராக நிற்கிறார்கள். யோசித்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இருபது வருஷத்து மௌனம்

நகலில் பெயர்தான் இருக்கும், ரேகை இருக்காது. அசல் பத்திரம் பங்காளி வீட்டில் இருப்பதாக அத்தை சொன்னார். விற்ற காட்டைப் பின்னாளில் பெரிய தாத்தாவே திருப்பி வாங்கிவிட்டாராம்.

அந்த வீட்டோடு எங்களுக்கு இருபது வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கிணற்று முறைத் தகராறு. இந்தச் சமயத்தில் போய்ப் பழைய பத்திரத்தைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? அண்ணன், "வேண்டாம், பெயர்தான் கிடைச்சாச்சே" என்றான். ஆனால் அந்த வீட்டுக்கும் அவள்தானே பூட்டி? அந்தப் பெயர் அவர்களுக்கும் வேண்டாமா?

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, தவலையை ஒரு பையில் போட்டுக் கொண்டு நான் மட்டும் போனேன். அண்ணி வாசலிலேயே நின்றார். முகத்தில் கலவரம். நான் பத்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தவலையைத் திண்ணையில் வைத்து, "அண்ணி, இது நம்ம ரெண்டு வீட்டுப் பூட்டி கொண்டாந்த சீர். பேரைப் பாருங்க" என்றேன். ராமேஸ்வரத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணி வெகு நேரம் தவலையைத் தடவிக் கொண்டிருந்தார். பிறகு, "எங்க மாமியா சாகறப்பக்கூட, எங்க பூட்டி உப்புக்காட்டுலேருந்து வந்தவன்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை" என்றார். ராத்திரி அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். மறு வாரம் அவர்களே தகரப் பெட்டியோடு அத்தை வீட்டுக்கு வந்தார்கள்.

மடிப்பில் கிழிந்த பத்திரத்தின் அடியில், பழுப்பேறிய மசியில் ஒரு பெருவிரல் ரேகை. பக்கத்தில் வேறு யாரோ எழுதிய பெயர். போட்டோ இல்லாத, சமாதி இல்லாத அந்த மனுஷி இந்த உலகத்தில் விட்டுப் போன அடையாளம் அது ஒன்றுதான். அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதன் மேல் விரலை வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணிதான் எல்லோருக்கும் காப்பி போட்டார்.

கிணற்று முறை இன்னும் தீரவில்லை. ஆனால் பேசிக் கொள்கிறோம்.

நீங்களும் தேடலாம்

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு, பட்டுத் தெரிந்து கொண்ட சில விஷயங்கள்:

வயதானவர்களிடம் "ஒங்க பாட்டி பேரென்ன?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். கல்யாணம், பஞ்சம், நிலம் விற்றது, குழந்தை இறந்தது என்று சம்பவமாகக் கேளுங்கள். வருஷம் தானாக வரும்.

பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைப் பழைய விலைக்குப் போடும் முன் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். மாவு தடவினால் தெரியும்.

மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, ஜாதகக் கட்டு, பழைய கடிதம் எதையும் கரையானுக்கு விடாதீர்கள். மொய் நோட்டில் ஊர்ப் பெயரோடு உறவுக்காரர்கள் வரிசையாக இருப்பார்கள்.

சென்னை ராஜதானியில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899லேயே சட்டம் வந்துவிட்டது. தாலுகா ஆபீஸில் விசாரிக்கலாம். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980ல் ஒழிந்தபோது பழைய ஏடுகள் பல இடம் மாறின. ஒரு முறை கேட்டு இல்லையென்றால் மறுமுறையும் கேளுங்கள். பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டிலும் பிறந்த தேதியும் தகப்பனார் பெயரும் இருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பமானால் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு பெரிய பொக்கிஷம். நம் மலைமேல் கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் குடியேறியது 1845ல். காசி, ஹரித்துவாரம் போன குடும்பமானால் அங்குள்ள பண்டாக்களின் ஏட்டைக் கேளுங்கள்.

கப்பலேறிப் போனவர் வீடானால் இன்னும் சுலபம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் ஒரு நம்பரும் ஏட்டில் ஒரு வரியும் உண்டு: பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜில்லா, கிராமம். பெண்களுக்கும் அப்படியே. மொரீஷியஸில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் சிலருடைய போட்டோகூட இருக்கிறது. பழைய சர்க்கார் தஸ்தாவேஜுகளுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அது 1909லிருந்து நடக்கிறது.

கடைசியாக, நோட்டுப் போட்டு எழுதும்போது பெயரோடு நிறுத்தாதீர்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக் கொதிப்பு, யாருக்கு மார்பில் கட்டி, யார் எந்த வயதில் போனார்கள் என்பதையும் எழுதுங்கள். "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்று டாக்டர் கேட்கும்போது அம்மா வழியிலும் பதில் இருக்க வேண்டும். பாட்டி பெயரே தெரியாத வீட்டில் பாட்டியின் வியாதி எப்படித் தெரியும்? 2027ல் எடுக்கவிருக்கும் சென்சஸ் தாளை நம் பேத்திகள் பார்க்க முடியாது. நம் கையால் எழுதி வைக்கும் நோட்டைப் பார்க்கலாம்.

போன ஆடி அமாவாசைக்கு இரண்டு வீட்டாரும் ஒரே வேனில் ராமேஸ்வரம் போனோம். அத்தைக்கு நடக்க முடியவில்லை. தூக்கித்தான் உட்கார வைத்தோம். புரோகிதர் வேறொருவர். "பாட்டியோட மாமியார் பேர்?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், ஆண்கள் யாரும் வாயைத் திறக்குமுன், பின்னாலிருந்து அத்தை குரல் கொடுத்தார்:

"வேதநாயகிங்க சாமி. வேதநாயகி. அகஸ்தியம்பள்ளி."

ஊர்ப் பெயரை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் புரோகிதர் தலையாட்டிக் கேட்டுக் கொண்டார்.